பயணம் முடிந்தபின்: நுவரெலியாவும் நைல் நதி கண்ட பேக்கரும்

பாரதக் கதை குருக்ஷேத்திரப் போரோடு முடிவதில்லை. பதினெட்டு நாட் போர் ஓய்ந்தபின் தருமன் முடிசூடியதும், நெடுங்காலம் ஆண்டதும், ஈற்றில் தம்பியரும் துரோபதையும் உடன்வர வடதிசை நோக்கி நடந்ததும் அக்காப்பியத்தின் உறுப்புக்களேயாம். வென்றவன் வென்றபின் எங்ஙனம் வாழ்ந்தான் என்பதை அறியாது அவன் வெற்றியின் பொருளை அறிதல் இயலாது என்பது நம் முன்னோர் கருத்துப் போலும்.

புதுநிலம் காணச் சென்ற மேனாட்டாரின் வரலாறோ பெரும்பாலும் அவ்வாறு எழுதப்படவில்லை. ஓர் ஆற்றின் தலையையோ ஏரியின் கரையையோ ஒருவர் கண்ட நாளோடு பாடநூல் அவரை விட்டுவிடுகின்றது. அந்நாளில் அவருக்கு வயது நாற்பது என்றால், எஞ்சிய முப்பது ஆண்டுகளை அவர் எவ்வாறு கழித்தார்? புகழ் அவருக்கு அமைதி தந்ததா? உடன் நடந்தோர் கதி யாது? அவர் கண்ட நிலத்தின் மக்கள் என்ன ஆயினர்? இவ்வினாக்களை ஆராய்தற்கு இலங்கையின் மத்திய மலைநாடு தக்கதோர் இடமாகும். ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டு புகழெய்திய சேர் சாமுவேல் வைற் பேக்கர் அதற்கு முன் பல ஆண்டுகள் நுவரெலியாவில் வாழ்ந்தவர் என்பதே அதற்குக் காரணம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,200 அடி உயரத்தில் உள்ளது நுவரெலியா. ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தை 1815இல் கைக்கொண்டு சில ஆண்டுகள் கழிந்தபின், 1819இல், யோன் டேவி என்னும் இராணுவ வைத்தியர் இம்மேட்டுச் சமவெளியை அடைந்து, 1821இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விவரித்தார். இவர் புகழ்பெற்ற இரசாயன அறிஞர் சேர் ஹம்பிரி டேவியின் தம்பியாவார். இவரது பிற்கால வாழ்க்கை ஆரவாரமற்றது. மால்ற்றா முதலிய இடங்களில் இராணுவ வைத்தியராகக் கடமையாற்றினார். தமையனின் வரலாற்றை எழுதி, அவர் நூல்களையும் பதிப்பித்தார். 1868இல் இங்கிலாந்தின் ஏரி நாட்டில் மறைந்தார். தம் புகழை விடத் தமையன் புகழையே பேணிய வாழ்வு அது.

மேசர் தோமஸ் றொஜேர்ஸ் என்பாரின் முடிவு வேறுவகையானது. அவர் ஊவாப் பகுதியில் வீதிகளை அமைத்தார். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்றும் கூறப்படுவர். 1845இல் அப்புத்தளையில் இடி வீழ்ந்து இறந்தார். அவரது கல்லறை நுவரெலியாக் கொல்ப் மைதானத்தின் அருகே உளது. காட்டை அளந்தவர்க்கு அளந்த நிலத்தில் வாழும் பேறு கிட்டவில்லை.

பேக்கர் 1821இல் இலண்டனிற் பிறந்தவர். அவர் குடும்பச் செல்வம் யமேக்காவிலும் மொரீசியசிலும் இருந்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. 1843இல் மணம் புரிந்து, சிறிதுகாலம் மொரீசியசில் தங்கியபின், 1846இல் வேட்டையை விரும்பி இலங்கைக்கு வந்தார். தாழ்நிலக் காடுகளிற் காய்ச்சல் அவரை வாட்டவே, உடல் தேறுதற்பொருட்டு நுவரெலியாவுக்கு ஏறினார். குளிர்ந்த காற்றும் தெளிந்த நீரும் சின்னாட்களிலே நோயை நீக்கின. அம்மலையில் ஆங்கிலக் கிராமம் ஒன்றை நிறுவினால் என்ன என்னும் எண்ணம் அப்போது எழுந்தது.

தாயகம் மீண்ட பேக்கர் 1848இல் தம் தம்பி யோன் முதலியோருடன் திரும்பினார். கமத்தொழில் மேற்பார்வையாளர், கொல்லர், வண்டிக்காரர், உயர்சாதி மாடு, ஆடு, வேட்டைநாய், கலப்பை, விதை என ஓர் ஊருக்கு வேண்டிய அனைத்தும் கப்பலில் வந்தன. அரசினரிடம் ஏக்கர் ஒன்று இருபது சிலின் வீதம் ஆயிரம் ஏக்கர் நிலம் வாங்கினார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதி காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொண்டமையாலேயே அத்தகைய விற்பனை இயல்வதாயிற்று. தலைமுறை தலைமுறையாக அக்காட்டிற் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த சிங்களக் கிராமத்தாரிடம் உறுதி இல்லை. ஆகவே நிலமும் அவர்க்கு இல்லை என்றாயிற்று.

தொடக்கம் இடையூறு நிறைந்ததாயிருந்தது. கண்டியிலிருந்து றம்பொடைக் கணவாய் வழியாக ஏறுகையில் குடிமயக்கிலிருந்த வண்டிக்காரன் வண்டியைப் பள்ளத்தில் வீழ்த்தினான். அதனை மீட்கக் கொண்டுசென்ற யானையையும் அவனே அளவிறந்து விரட்டிக் கொன்றான். மலை மண் பசுமையாகத் தோன்றினும் வளம் குன்றியது என்பதும் விரைவில் விளங்கிற்று. உருளைக்கிழங்கைப் புழு அரித்தது. கதிர் முற்றிய பயிரைக் காட்டு யானைகள் மேய்ந்தன. கால்நடைகளை நோய் கொண்டது. ஆயினும் பேக்கர் சோர்ந்திலர். எருவிட்டு மண்ணைத் திருத்தினார். பழகிய யானையைக் கொண்டு உழுதார். சில ஆண்டுகளிற் குடியிருப்பு நிலைபெற்றது. நுவரெலியாவில் மது வடிக்கும் தொழில் 1849இல் அவராலேயே தொடங்கப்பட்டதென்பர்.

அவர் கூர்ந்து நோக்கியவற்றுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. அச்சமவெளியில் இரத்தினக்கல் அகழ்ந்த பழங்குழிகள் மலிந்திருந்தமையைக் கண்டு, அவ்விடம் முற்காலத்தில் மக்கள் வழங்கிய இடமேயென அவர் உணர்ந்தார். ஆகவே ‘கண்டுபிடித்தல்’ என்னும் சொல் மலைநாட்டைப் பொறுத்தவரை அளவோடு கையாளத் தக்கதென்பது அவர் எழுத்தாலேயே பெறப்படும். ஊவா மக்களும் கொத்மலை மக்களும் அறிந்திருந்ததை ஆங்கில நிலப்படம் பின்னர் அறிந்துகொண்டது, அவ்வளவே.

நுவரெலியாவின் தெற்கே உள்ள உயர்சமவெளிக்கு 1834இல் அந்நாளைய தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயர் இடப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் தலைநிலம் அது. வளவையின் கிளையாகிய பெலிகுல் ஓயாவில் ஏறக்குறைய 65 அடி வீழும் அருவி இன்றும் பேக்கர் பெயரால் வழங்குகின்றது. நைலின் தலையைத் தேடுமுன் ஆறுகள் பிறக்கும் நிலத்திலே அவர் பல்லாண்டு திரிந்தார் என்பது கருதத்தக்கது. காட்டிற் பாதை காண்டல், உணவும் சுமையாளரும் ஒழுங்கு செய்தல், நோயைப் பொறுத்தல், தோல்வியுற்ற மறுநாளே மீண்டும் தொடங்கல் ஆகிய பயிற்சிகளை அவருக்கு அளித்த பள்ளி மலைநாடேயாம்.

1855இல் உடல்நலங் குன்றியமையாற் குடும்பத்தோடு இங்கிலாந்து மீண்டார். அவ்வாண்டு முடியுமுன், டிசெம்பர் 29ஆம் நாள், பிரான்சின் மலையூர் ஒன்றில் அவர் மனைவி ஹென்றியேற்றா காய்ச்சலால் இறந்தார். நான்கு பெண்மக்களையும் தம் சகோதரியிடம் ஒப்படைத்த பேக்கர், நோக்கமின்றி ஐரோப்பாவிலும் துருக்கியிலும் அலைந்தார். முப்பத்து நான்கு வயதில் முதல் வாழ்வு முடிந்துவிட்டது, இரண்டாவது தொடங்கவில்லை.

1859இன் தொடக்கத்தில், பஞ்சாப் சிங்கமெனப் பெயர்பெற்ற ரஞ்சித் சிங்கின் மகனாகிய மகாராசா துலீப் சிங்குடன் டானியூப் ஆற்று வழியே வேட்டைக்குச் சென்றார். அக்காலத்தில் துருக்கியர் ஆட்சியிலிருந்த விடின் நகரின் அடிமைச் சந்தையில் ஓர் இளம்பெண்ணைக் கண்டு மீட்டார். திரான்சில்வேனியாவிற் பிறந்து, கலகத்திற் குடும்பத்தை இழந்த அப்பெண்ணே பின்னர் புளோரன்சு பேக்கர் எனப் புகழ்பெற்றவர். 1861இல் இருவரும் எகிப்திலிருந்து தெற்கே புறப்பட்டனர். 1863 பெப்ருவரியிற் கொண்டொக்கொரோவில், விக்டோரியா ஏரியிலிருந்து மீண்டுவந்த ஸ்பீக்கையும் கிராண்ட்டையும் சந்தித்தனர். மேற்கே காணப்படாத ஏரியொன்று உண்டென்னும் செய்தி அவர்கள் தந்தது. 1864 மார்ச் 14ஆம் நாள், காய்ச்சலால் மெலிந்த இருவரும் அவ்வேரியின் கரையில் நின்றனர். அயலிலுள்ளோர் வெட்டுக்கிளியைக் கொல்வது எனும் பொருள்பட அழைத்த அந்நீர்நிலைக்கு, விக்டோரியா மகாராணியின் மறைந்த கணவர் பெயரை பேக்கர் இட்டார்.

இனி, நைல் ஆற்றைத் தேடினோர் அனைவரின் பிற்காலத்தையும் ஒருங்குவைத்து நோக்குவாம். ஸ்பீக் தாயகம் மீண்டு ஓராண்டு கழிந்த அளவில், 1864 செப்டெம்பர் 15ஆம் நாள், வேட்டையின்போது சுவர் ஒன்றைக் கடக்கையில் தம் துப்பாக்கியே வெடித்து இறந்தார். முன்னாள் தோழரும் அந்நாட் பகைவருமாகிய றிச்சட் பேட்டனோடு மறுநாட் பாத் நகரில் அவர் வாதிடுவதாக இருந்தது. அவ்விறப்புத் தற்செயலா அன்றா என்னும் ஐயம் இன்றும் பேசப்படுகின்றது. பேட்டன் இருபத்தாறு ஆண்டு பின்னும் வாழ்ந்தார். பெர்னாண்டோ போ, பிரேசில், தமாஸ்கு, திரியெஸ்ட் என ஊர் ஊராகத் தூதரகப் பணியில் மாறி, ஆயிரத்தோர் இரவுகளின் மொழிபெயர்ப்பை 1885இல் வெளியிட்டுப் பொருளும் புகழும் பெற்று, 1890இல் திரியெஸ்ட்டில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துக்கள் பலவற்றை மனைவி தீயிலிட்டார். ஸ்டான்லி பெல்சிய மன்னர் லெயொபோல்டுக்குக் கொங்கோ நாட்டை வளைத்துக் கொடுத்தார்; அந்நாட்டு மக்கள் அதனால் அடைந்த துயர் உலகறிந்தது. 1895 முதல் 1900 வரை பாராளுமன்ற உறுப்பினராயிருந்து 1904இல் இறந்தார். லிவிங்ஸ்டனுக்கு அருகே அடக்கம் பெற விரும்பிய அவர் விருப்பம் நிறைவேறவில்லை.

இவர்களோடு ஒப்பிடுங்கால் பேக்கரின் பிற்காலம் நற்பேறுடையதாகத் தோன்றும். 1865இல் அரச புவியியற் கழகத்தின் பொற்பதக்கம் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் புளோரன்சை இலண்டனில் முறைப்படி மணந்தார். 1866இல் ‘சேர்’ பட்டம் பெற்றார். ஆயினும் விக்டோரியா மகாராணி புளோரன்சை அரண்மனையில் ஏற்க மறுத்தார். திருமணத்துக்கு முன்னரே இருவரும் கூடி வாழ்ந்தனர் என்பதே குற்றம். ஏரிக்குக் கணவன் பெயரை ஏற்ற அரசி, அவ்வேரியைக் கண்ட பெண்ணை ஏற்றிலர்.

1869இல் எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயில், ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் பவுண் சம்பளத்தில், நான்காண்டுக்கு பேக்கரைத் தென்னிலத்தின் ஆளுநராக நியமித்தார். அடிமை வாணிகத்தை ஒழித்தலும் அந்நிலத்தை எகிப்தோடு சேர்த்தலும் பணி. அடிமைச் சந்தையில் மனைவியைக் கண்டவர் அவ்வாணிகத்தை வெறுத்தது இயல்பே. ஆயின் முதற்பணி இரண்டாவதனோடு முரணியது. விடுதலை தரவந்தவர் நாட்டைப் பறிக்கவும் வந்தார் எனக் கண்ட புனியோரோ மன்னன் கபலேகா எதிர்த்து நின்றான். 1872இல் மசிந்தியில் நிகழ்ந்த போரின்பின் பேக்கர் ஊரைக் கொளுத்திப் பின்வாங்க நேர்ந்தது. 1873இற் பதவிக்காலம் முடிந்தபொழுது அடிமை வாணிகம் ஒடுங்கியதேயன்றி ஒழியவில்லை.

அம்மன்னனின் பிற்காலமும் ஈண்டுக் கூறத்தக்கது. பின்வந்த ஆங்கிலேயரோடும் பல்லாண்டு பொருத கபலேகா 1899இற் சிறைப்பட்டுச் சீசெல்சுத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டான். 1923இல் விடுதலை பெற்றுத் தன்னாடு திரும்புகையில் வழியிலே ஜின்ஜாவில் இறந்தான். கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1815இற் பிடிபட்டு, 1832இல் வேலூரிற் காலமானமையை இஃது நினைவூட்டும். நிலம் காண்போரின் வெற்றிக்குப் பின்னால் நிலம் இழந்தோரின் பிற்காலமும் தொடர்ந்து வருகின்றது.

1874இல் பேக்கர் டெவன் பகுதியில் சான்ட்போட் ஓலி என்னும் மனையை வாங்கி அமர்ந்தார். அமர்ந்தார் என்பதும் முழுதும் பொருந்தாது. சைப்பிரசு, இந்தியா, யப்பான், அமெரிக்கா என வேட்டையாடச் சென்றுகொண்டேயிருந்தார். 1884 யனவரியில் சூடான் செல்லவிருந்த யெனரல் கோடன் அம்மனைக்கு வந்து மீண்டும் ஆபிரிக்கா வருமாறு வேண்டினார். புளோரன்சு இசையாமையால் பேக்கர் தங்கினார். மறு ஆண்டு யனவரி 26ஆம் நாள் கோடன் கார்த்தூமிற் கொல்லப்பட்டார். மனைவியின் மறுப்பே பேக்கரின் முதுமையைக் காத்தது எனலாம். நம் நூல்கள் நால்வகை ஆச்சிரமங்களை வகுத்து, இல்லறக் கடன் முடிந்தோன் மெல்ல விடுபடல் வேண்டும் என்கின்றன. அவ்விடுபாடு பேக்கருக்கு எளிதிற் கைகூடவில்லை. தடுத்து நிறுத்தும் துணையொன்று வேண்டியிருந்தது. 1893 டிசெம்பர் 30ஆம் நாள் அவர் தம் மனையிலே காலமானார். புளோரன்சு 1916 வரை அங்கேயே வாழ்ந்தார்.

உடன் நடந்தோர் நிலை யாது? சிதி முபாரக் பொம்பே என்பார் சிறுவயதில் ஆபிரிக்காவிற் பிடிக்கப்பட்டு, அடிமையாக மேற்கிந்தியாவில் வளர்ந்து, விடுதலை பெற்றுத் தாயகம் மீண்டவர். பேட்டன், ஸ்பீக், ஸ்டான்லி, கமரன் ஆகிய நால்வர்க்கும் வழித்துணையாய்க் கண்டத்தைக் குறுக்காகவும் கடந்தவர். வெள்ளையருள் எவரும் அத்துணைத் தூரம் நடந்திலர் எனினும் மிகையன்று. 1876இல் அரச புவியியற் கழகம் அவருக்குச் சிறு ஓய்வூதியம் வழங்கியது. 1885இல் அவர் இறந்தார். பெயரறியப்பட்ட மிகச் சிலருள் அவர் ஒருவர். ஏனைய சுமையாளர் பல்லாயிரவர் கூலி பெற்று ஊர் திரும்பியதோ, வழியில் வீழ்ந்ததோ எந்த ஏட்டிலும் இல்லை.

மலைநாட்டுக்கும் இதே உண்மை பொருந்தும். பேக்கர் சென்றபின் நிகழ்ந்தவற்றை நோக்குக. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர் லூல்கந்துரவில் யேம்சு தெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தெயிலரோ தாம் உருவாக்கிய தோட்டத்திலிருந்து விலகுமாறு பணிக்கப்பட்டு, 1892இல் அங்கேயே வயிற்றுளைச்சலால் இறந்தார். பேக்கர் வேட்டையாடிய ஹோட்டன் சமவெளியில் யானைகள் அற்றுப்போயின. 1988இல் அது தேசிய பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளுடன் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது.

இவற்றினும் பெரிதொரு பயணம் அதே காலத்தில் நிகழ்ந்தது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை எனப் பல நாள் நடந்து, கோப்பித் தோட்டங்களை அடைந்தோரின் பயணமே அது. வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுகப் பலரைக் கொண்டன. அவர்களுக்கு நிலப்படம் இல்லை; பதக்கம் இல்லை; பயண நூல் எழுதுவாரும் இலர். கோப்பிக் காலத்தில் பருவந்தோறும் வந்து மீண்டோர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலைக் காலத்தில் அற்றன், நுவரெலியா, தலவாக்கொல்லை மலைகளில் நிலையாகக் குடியேறினர்.

அவர்தம் பயணம் லயன் அறைகளில் முடிந்தது எனக் கருதிய காலையில் மீண்டும் தொடங்கிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் 1974இல் இரு நாட்டுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. இந்தியா சென்றோருள் ஒரு பகுதியினர்க்கு வேலையளிக்கவே நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அவர்கள் மறுபடியும் மலையேறி, மறுபடியும் கொழுந்து பறித்தனர். இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தீர்ந்தது. முதற்பயணம் தொடங்கிய நாளிலிருந்து அதன் முடிவு வரை ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகள் சென்றன.

பேக்கரின் துணிவைக் குறைத்துக் கூறுதல் இவ்வாராய்ச்சியின் நோக்கமன்று. நோயிலும் பசியிலும் தளராத அவர் மனவலி மெய்யானது; புளோரன்சோடு அவர் நடந்த வழி எளியதன்று. ஆயின் ஒரு பயணத்தின் மதிப்பை அது முடிந்த நாளில் அளத்தல் கூடாது. அதன்பின் யார் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். நுவரெலியா சென்ற மாணவன் பேக்கர் அருவியைக் காணுங்கால் அப்பெயரின் வரலாற்றை அறிதல் நன்று. அருவிக்குச் செல்லும் வழியிலுள்ள தோட்டங்களை நட்ட கைகளின் வரலாற்றையும் கேட்டறிதல் அதனினும் நன்று. முன்னது நூலகத்தில் உள்ளது. பின்னதோ தோட்டத்து முதியோர் நெஞ்சில் உள்ளது. பெயர், ஊர், வந்த வழி, இழந்த உறவு ஆகியவற்றை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதினாலன்றி அது நிலைக்காது. மலைநாட்டிலும் பிறவிடத்திலும் உள்ள கல்லூரி மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆராய்ச்சி இதுவேயாம்.